கொடாததும் தடுக்காததும்

பஞ்ச சீலத்துள் இரண்டாவதாகிய கொடாததைக் கொள்ளாமை என்னும் ஒழுக்கத்தை நம் இல்லத்துச் சிறுவரும் நாவால் ஓதுகின்றனர். பிறன் பணப்பையை எடுத்தலையும், பிறன் வயற்கதிரை அறுத்தலையும், நிறையிற் குறைத்து விற்றலையும் அச்சீலம் விலக்குகின்றது என்பதில் ஒருவருக்கும் ஐயமில்லை. ஆயின், கொடுக்கப்பட்டது என்றோ தடுக்கப்பட்டது என்றோ பிரித்துச் சொல்ல இயலாத பொருள்களும் உலகிற் பல உள. அவற்றிற்கு உரியவன் ஒருவன் இருக்கின்றான்; அவன் தன் கையால் நமக்குக் கொடுத்ததும் இல்லை; எடாதே என்று தடுத்ததும் இல்லை. வழிநடையில் ஒரு மரநிழல், ஊருணியில் ஒரு வாய் நீர், மேட்டின்மேல் நின்று காணும் கடற்காட்சி, ஓர் இரவு தலை சாய்க்க ஆறடி நிலம் ஆகியவை அத்தகையன. இவற்றைக் கொள்ளுங்கால் இரண்டாம் சீலம் நம்மை ஒன்றும் கேட்பதில்லை என்று கருதுவோர் பலர். அச்சீலம் நம்மை மிகுதியாகக் கேட்பது இங்கேதான் என்பது என் கருத்து.

வெறுஞ் சொல்லாராய்ச்சியாக இது முடியாதிருக்கும்பொருட்டு ஓர் எடுத்துக்காட்டை எடுத்துக்கொள்வோம். ஐரோப்பாவின் வடமுனையில் நார்வே நாட்டைச் சேர்ந்த பின்மார்க் என்னும் மாவட்டம் உளது. பரப்பில் அது நம் கேரள மாநிலத்தினும் பெரியது. அதன் கீழ்த்திசையில் வராங்கர் என்னும் தீபகற்பம் பாரெண்ட்ஸ் கடலுள் நீண்டு கிடக்கின்றது. அதன் கரையோரமாக ஏறத்தாழ 160 கிலோமீட்டர் நீளும் சாலையொன்று, நாட்டின் இயற்கைக் காட்சிச் சாலைகளுள் ஒன்றாக அரசால் பேணப்படுகின்றது. அது வாட்சோ ஊரைக் கடந்து வார்தோவை நோக்கிச் செல்கின்றது. வார்தோ ஒரு தீவு. 1982ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட, ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர் நீளமுள்ள கடலடிச் சுரங்கப்பாதை வழியே அதனை அடைவர். துருக்கியின் இஸ்தான்புல்லினும் கிழக்கே அமைந்த ஊர் அது என்றால் பலர் நம்பத் தயங்குவர். கடலைக் கடவாமல் கரையோடு திரும்பிச் செல்லும் மற்றொரு கிளை, ஒரே வண்டி செல்லத்தக்க குறுகிய சாலையாகி, கூரிய பாறைகளுக்கிடையே ஏறத்தாழ 40 கிலோமீட்டர் ஓடி, ஹாம்னிங்பேர்க் என்னும் பழைய மீனவச் சிற்றூரில் முடிகின்றது. குளிர்காலத்தில் அச்சாலை மூடப்படும். மே நடுப்பகுதி முதல் ஜூலை இறுதிவரை அங்கே சூரியன் மறைவதில்லை. மரம் என்பது பெரும்பாலும் கண்ணிற் படாது; கல்லும் பாசியும் புல்லும் கடலுமே.

தந்தையும் தாயும் குழந்தைகள் இருவருமாக ஒரு குடும்பம், ஒரு மோட்டார் வண்டியில் கூடாரமும் கம்பளியும் அடுப்பும் ஏற்றிக்கொண்டு, கோடை விடுமுறையில் இச்சாலை வழியே செல்கின்றது எனக் கொள்வோம். அவர்கள் எந்நாட்டினரேனும் ஆகுக. மாலையில் (சூரியன் மறையாத ஊரில் மாலை என்பது கடிகாரம் சொல்லும் சொல்லே) கரையோரத்தில் ஒரு புல்வெளியைக் காண்கின்றனர். வேலி இல்லை, வீடு இல்லை, பலகை இல்லை. வண்டியை நிறுத்தி, கூடாரத்தைச் சுமந்து சென்று அடிக்கின்றனர். அவர்கள் கொடாததைக் கொண்டனரா?

நார்வே நாட்டுச் சட்டம் இல்லை என்று விடையிறுக்கும். 1957ஆம் ஆண்டில் அந்நாட்டில் இயற்றப்பட்ட வெளிவாழ்வுச் சட்டம், அதற்கு முன்னரே மக்களிடை நெடுங்காலம் வழங்கிய வழக்கத்தை எழுத்தில் நிறுத்தியது. அச்சட்டம் நிலத்தை இரண்டாகப் பகுக்கின்றது. உழுநிலமும் வைக்கோற் புல் வளர்க்கும் நிலமும் வீட்டு முற்றமும் போன்றவை அகநிலம். ஏனைய காடும் கரம்பும் மலையும் கரையும் புறநிலம். புறநிலத்தில், அதற்கு உரியவர் யாரேயாயினும், எவரும் காலால் நடக்கலாம், இளைப்பாறலாம், கூடாரம் அடித்து உறங்கலாம். ஆள் வாழும் வீட்டினின்று 150 மீட்டர் தள்ளியிருத்தல் வேண்டும். உரியவரின் இசைவின்றி ஓரிடத்தில் இரண்டு இரவுகளுக்குமேல் தங்கலாகாது. நிலத்திற்கும் அங்கு வாழ்வோர்க்கும் ஊறு நேராதவாறு நடத்தல் வேண்டும்.

இச்சட்டத்தில் 'எவரும்' என்னும் ஒரு சொல்லை நம்மவர் இருமுறை படித்தல் தகும். வருபவன் யார், எவன் மகன், எத்தொழிலினன், எக்கோயிலைச் சேர்ந்தவன் என்னும் கேள்விகள் அங்கே எழுவதில்லை. அந்நாட்டுக் குடியாக இருத்தலும் வேண்டுவதில்லை. வருபவன் கால்களை உடையவன் என்பதே போதும். எனவே, நம் குடும்பத்திற்கு அவ்விரவு கொடுக்கப்பட்டது. கொடுத்தவன் தனியொருவன் அல்லன். நெடுங்கால வழக்கமும் அதனைக் காக்கும் சட்டமும் சேர்ந்து கொடுத்தன.

கொடுக்கப்பட்டது என்று சொல்லி நிறுத்திவிடல் எளிது. எத்துணை கொடுக்கப்பட்டது என்று அளப்பதே அரிது.

முதலாவதாக, அவ்வுரிமை கால்களுக்கே கொடுக்கப்பட்டது, சக்கரங்களுக்குக் கொடுக்கப்படவில்லை. புறநிலத்தில் மோட்டார் வண்டி ஓட்டுதலை 1977ஆம் ஆண்டுச் சட்டம் பொதுவாகத் தடுக்கின்றது. ஆயினும் சாலையோரத்தில் முன்னர் யாரோ ஓட்டிச் சென்ற இரண்டு தடங்கள் புல்லில் தெரியும்போது, அவற்றின்மேல் தானும் இருபது அடி இறங்கி நிறுத்தினால் என்ன என்று தந்தையின் மனம் பேசும். சுமையோ கனம், குழந்தையோ தூங்குகிறது. அக்குளிர்நாட்டில் மண் மெல்லியது. செடி ஒரு விரற்கடை வளர ஆண்டுகள் ஆகும். ஒரு சக்கரத் தடம் அதனைச் செய்தவனை மறந்து பலகாலம் கிடக்கும்.

இரண்டாவது, விறகு. மரமில்லாத அக்கரையில் விறகு எங்கிருந்து வரும் என்று கேட்கலாம். கடலே கொணர்கின்றது. சைபீரியாவின் பேராறுகளில் மிதந்து கை நழுவிய மரங்கள் பனிக்கடலில் அலைந்து வெளுத்துக் கரையில் ஒதுங்குகின்றன. அலை எறிந்த இடத்திலேயே ஆங்காங்குக் கிடக்கும் குச்சிகளைப் பொறுக்கிக் குளிர்காய்வதில் பெரும் பிழை காண மாட்டோம். ஆனால், அலை எட்டாத உயரத்தில், ஒரே அளவாக வெட்டி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்ட மரக்குவியல் ஒன்று இருக்குமாயின், அங்கே ஒரு மனிதனின் முதுகு வளைந்த உழைப்பு இருக்கின்றது. பெயர்ப்பலகை இல்லையே என்பது விடையாகாது, அடுக்கியிருப்பதே பெயர்.

மூன்றாவது, பழம். ஆகஸ்டு மாதத்தில் சதுப்பு நிலங்களில் முல்டே என்னும் செம்பொன் நிறச் சிறுகனி பழுக்கும். பின்மார்க் முதலிய வடபுல மாவட்டங்கள் மூன்றில், தனியார் நிலத்தில் விளையும் இக்கனியை மட்டும் பறிக்கலாகாது என்று உரியவர் விலக்கலாம். அவ்வாறு விலக்கிய இடத்தும், நின்ற இடத்திலேயே பறித்து உண்பதனைச் சட்டம் விலக்கவில்லை. வாயிற் போட்டால் வழிப்போக்கன். கூடையிற் போட்டால் வேறு ஆள். பசிக்கும் சேமிப்புக்கும் இடையே இவ்வளவு நுட்பமாகக் கோடு கிழித்த சட்டம் எந்நாட்டுப் புலவன் மூளையிலும் உதித்ததன்று. பழம் விற்றுப் பிழைக்கும் ஏழைக் குடும்பங்களும் வழிநடப்போரும் ஒரே சதுப்பில் கால் வைத்த அனுபவமே அதனை எழுதியிருத்தல் வேண்டும்.

நான்காவதைச் சட்டம் நேராகச் சொல்லவில்லை. அதனையே நான் பெரிதாக எண்ணுகின்றேன். ஜூன் மாதத்தில் அக்கரையின் கூழாங்கற்களுக்கிடையே வடதுருவ ஆலாக்கள் முட்டையிட்டு அடைகாக்கின்றன. தென்துருவக் கடல்வரை சென்று ஆண்டுதோறும் மீளும் சிறு பறவை அது. கூடு என்று சொல்லத்தக்க ஒன்றும் அமைக்காது. கல்லோடு கல்லாக முட்டை கிடக்கும். அருகில் ஆள் வந்தால் அது மேலெழுந்து கீச்சிட்டு வட்டமிடும். தலையைக் குறிவைத்துப் பாயும். கூடாரத்தின் வாயிலில் நிற்கும் குழந்தை கை தட்டி மகிழும். பறவைகள் நம்மை வரவேற்கின்றன என்று சொல்லும். தாயும் தந்தையும் அக்காட்சியைப் படம் எடுப்பர். உண்மையில் அது தன் முட்டை குளிர்கின்றது என்னும் பதைப்பு. நாம் அழகு என்று கண்டு களிப்பது மற்றோர் உயிரின் துன்பமாக இருத்தல் கூடும். ஆள் வாழும் வீட்டிற்கு 150 மீட்டர் என்று அளந்த சட்டம் அக்கூட்டிற்கு இத்தனை மீட்டர் என்று அளக்கவில்லை. அதனை அளக்க வேண்டியவர் கூடாரத்தைத் தூக்கி வந்தவரே. முளைகளை அடித்துக் கயிற்றை இழுத்துக் கட்டியபின், களைத்த உடம்போடு மீண்டும் பிடுங்கி முன்னூறு அடி அப்பால் செல்லுதல் எளிய செயலன்று. முதற் சீலமும் இரண்டாம் சீலமும் அங்கே ஒன்றாகி நிற்கின்றன. அவ்விரவின் அமைதி அப்பறவையிடமிருந்து எடுக்கப்பட்டது, அது கொடுக்கவில்லை.

இன்னொன்றும் காண்க. இரண்டு இரவு என்னும் வரம்பிற்கு அச்சட்டமே ஒரு விலக்கு வைத்துள்ளது. மலைகளிலும் குடியிருப்புக்கு நெடுந்தொலைவான இடங்களிலும், குறிப்பிடத்தக்க ஊறோ இடையூறோ நேராதெனின், இசைவு கேளாமலே மிகுதியாகத் தங்கலாம். காண்பார் ஒருவரும் இல்லாத இடத்தில்தான் சட்டம் தன் கயிற்றைத் தளர்த்துகின்றது! அரசர் முறைமையில் பழகியவர்க்கு இது வியப்பாகத் தோன்றும்; காவலன் இல்லாத இடத்தில் கட்டு மிகுதல் வேண்டுமன்றோ என்பர். ஆனால் ஹிரி, ஒத்தப்பம் என்று பாலி மொழியில் வழங்கும் இரண்டனை, அதாவது தீயது செய்ய நாணுதலையும் அதன் பயனை அஞ்சுதலையும், உலகைக் காக்கும் இரு குணங்கள் என்று அறிந்த நமக்கு அது வியப்பன்று. அப்படிப்பட்ட சட்டம் ஒரு நாட்டில் நிலைப்பதற்கு அந்நாட்டுத் தாய்மார் தம் மக்களுக்குக் கூடாரம் அடித்த இடத்தைத் திரும்பிப் பார்க்கக் கற்பித்திருத்தல் வேண்டும். சட்டப் புத்தகம் மட்டும் அதனைச் செய்துவிடாது.

இனி, கடினமான வினாவிற்கு வருவோம். நம் குடும்பம் எல்லா விதிகளையும் காத்தது. குப்பையை எடுத்துச் சென்றது. இரண்டாம் காலையில் புறப்பட்டது. அதற்கு மறுநாள் அவ்விடத்தில் மற்றொரு குடும்பம். அதற்கடுத்த நாள் மற்றொன்று. இவ்வாறே ஆயிரம் குடும்பங்கள் வருமாயின்? வராங்கர் கரையில் கூட்டம் இன்னும் மிகுதியன்று. ஆனால் அதே நாட்டின் மேலைக் கடலிலுள்ள லொபோட்டன் தீவுகளில் இது நடந்துவிட்டது. அத்தீவுகளின் அழகு உலகெங்கும் பரவியதன் பயனாக, கோடையில் குறுகிய சாலைகளில் வண்டிகள் நெருங்குகின்றன, கழிப்பிடங்கள் போதவில்லை, சில கரைகளில் கூடாரம் அடித்தலையே உள்ளூர் ஆட்சியினர் தடுத்து விதி செய்துள்ளனர். தனித்தனியே பார்த்தால் ஒருவரும் குற்றம் செய்யவில்லை. சேர்த்துப் பார்த்தால் புல் மாண்டுவிட்டது. குற்றவாளி யார்?

சேதனையே, அதாவது மனத்தின் எண்ணமே, வினை என்பது நம் அறம். தீய எண்ணம் ஒருவர்க்கும் இல்லையாதலின் ஒருவர்க்கும் தீவினை இல்லை என்று ஒரு சாரார் வாதிப்பர். இவ்வாதம் செவிக்கு இனியது. ஆயினும் நான் ஏற்கவில்லை. எண்ணம் என்பது விருப்பம் மட்டும் அன்று. அறிவும் அதனுள் அடங்கும். முதலில் வந்த குடும்பம் பசும்புல்லைக் கண்டது. ஆயிரமாவது குடும்பம், ஒரு கூடாரத்தின் அளவாகச் சதுரமாய் மஞ்சளித்துக் கிடக்கும் புல்லைக் காண்கின்றது. பாறை மறைவில் முன்னவர் விட்டுச் சென்றதையும் காண்கின்றது. கண்டபின் செய்வதும் காணாமற் செய்வதும் ஒரே செயலாக மாட்டா. கை ஒன்றையே செய்கின்றது. மனம் ஒன்றையே செய்யவில்லை. எல்லாரும் செய்கின்றனரே என்று அக்குடும்பம் சொல்லுமாயின், தான் எதனை அறிந்தது என்பதற்கு அச்சொல்லே சான்று. அது சிறிது தொலைவு சென்று, உள்ளூரார் காசு பெற்று நடத்தும் கூடாரத் திடலில் இறங்குமாயின், ஒரு கடற்காட்சியை இழக்கும், வேறொன்றையும் இழக்காது.

உள்ளூராரின் பக்கம் நின்று பார்ப்போம். 'வருகின்றவர்கள் அழுக்காக்குகின்றனர்' என்று அவர்கள் கூறுவது பொய்யன்று. ஆனால் இச்சொற்றொடர் நம் செவியில் வேறொரு விதமாக விழுகின்றது, விழுதல் இயல்பே. மகாட் நகரின் சவதார் குளம் 1924ஆம் ஆண்டிலேயே நகராட்சித் தீர்மானத்தால் எல்லார்க்கும் திறந்துவிடப்பட்டிருந்தது. 1927 மார்ச் 20ஆம் நாள் பாபாசாகேப் அம்பேத்கர் தலைமையில் மக்கள் சென்று அந்நீரைப் பருகும்வரை தாளில் மட்டுமே அது திறந்திருந்தது. பருகியபின் குளம் தீட்டாயிற்று என்று சொல்லிச் சாணமும் கோமியமும் கலந்து சடங்கு செய்தனர். கால்நடைகள் இறங்கிக் குடித்த குளம் அது என்பதை யாம் மறவோம். உயர்நீதிமன்றத் தீர்ப்பால் அவ்வழக்கு முடிவதற்கு 1937ஆம் ஆண்டு ஆயிற்று. தென்னாப்பிரிக்காவில் கடற்கரை மணலையே தோலின் நிறத்தால் பகுத்துப் பலகை நட்டிருந்தனர். 1989ஆம் ஆண்டின் இறுதியிலேயே அக்கரைகள் அனைவர்க்கும் திறக்கப்பட்டன.

ஆகவே தடை என்று கேட்டவுடன் அது எதனைத் தடுக்கின்றது என்று நாம் கேட்டல் வேண்டும். 'இக்கரையில் கூடாரம் அடிக்கலாகாது' என்பது செயலைத் தடுப்பது. 'இக்கரைக்கு இன்னார் வரலாகாது' என்பது ஆளைத் தடுப்பது. முன்னதற்குக் காரணம் காட்டலாம். காரணம் நீங்கினால் தடையும் நீங்கும். புல் மீண்டும் முளைத்தால் பலகையைப் பிடுங்கலாம். பின்னதற்குக் காரணம் பிறப்பன்றி வேறில்லையாதலின் அது நீங்குவதற்கு நாளே இல்லை. சோதித்தறிய வழியும் எளிது. அப்பலகை நட்ட ஊர்த்தலைவரின் மகன் தன் நண்பரோடு அங்கே கூடாரம் அடித்தால் அவனையும் எழுப்புவார்களா? எழுப்புவார்களாயின் அது நேரிய தடை.

இவ்விரண்டிற்கும் நடுவே மூன்றாவது ஒன்று உளது. அதனைப் பற்றியே எனக்கு மிகுந்த கவலை. அது காசு. கழிப்பிடம் கட்டவும் குப்பை அகற்றவும் சிறு கட்டணம் பெறுதல் நேர்மையே. கூட்டத்தைக் குறைப்பதற்கென்றே கட்டணத்தை உயர்த்துவார்களாயின், செயலைத் தடுப்பதுபோல் தோன்றி ஆளைத் தடுக்கும். பணப்பை கனத்தவனுக்குக் கடல் திறந்தும் மற்றவனுக்கு மூடியும் இருக்கும். விதி காத்து, அடக்கமாக ஓர் இரவு தங்கி, தடமின்றிப் புறப்பட்ட குடும்பம் தான் உறங்கிய நிலத்தை மட்டும் காக்கவில்லை. தனக்குப்பின் வரக்கூடிய, காசு கொடுக்க இயலாத குடும்பத்தின் இடத்தையும் காத்தது. குப்பையை விட்டுச் சென்றவன் எடுத்தது அந்த இடத்தையே. அதனை யாரும் அவனுக்குக் கொடுக்கவில்லை.

இவ்வளவு சொன்னதனால் நார்வே நாட்டை அறத்தின் பிறப்பிடமாக நான் கருதுவதாக எண்ணற்க. பதினேழாம் நூற்றாண்டில் பின்மார்க்கில் சூனியம் செய்தனர் என்று குற்றஞ்சாட்டிக் கொல்லப்பட்ட 91 பேரின் நினைவிடம் இச்சாலையிலேயே, வார்தோ ஊரில், 2011ஆம் ஆண்டு முதல் நிற்கின்றது. அதனினும் நம் பொருளுக்கு நெருங்கியது வேறொன்று. அந்நிலத்தின் தொல்குடிகள் சாமி இனத்தார். (நம் மொழிச் சொல்லோடு ஒத்து ஒலிப்பினும் அது அவர்கள் தமக்கே இட்டுக்கொண்ட பெயர்.) 1902ஆம் ஆண்டு நிலச் சட்டமும் அதன் விதிகளும், பின்மார்க்கில் அரசு நிலத்தை விலைக்கு வாங்குவோர் நார்வே மொழியைப் பேசவும் படிக்கவும் எழுதவும் வல்லவராயிருத்தல் வேண்டும் என்று விதித்தன. அது 1965ஆம் ஆண்டுவரை ஏட்டில் இருந்தது. 1957க்கும் 1965க்கும் இடைப்பட்ட எட்டு ஆண்டுகளை எண்ணிப் பாருங்கள். எந்நாட்டிலிருந்து வரும் வழிப்போக்கனும் ஒருவரையும் கேளாமல் அக்கரையில் கூடாரம் அடிக்கலாம். அக்கரையிலேயே பிறந்து, தன் தாய்மொழி மட்டும் அறிந்தவன் அங்கே சிறு நிலம் வாங்க இயலாது! கடந்து செல்பவனுக்குக் கதவைத் திறந்து வைப்பது எளிது, அவன் நாளை போய்விடுவான். உடனிருந்து வாழ்பவனுக்குத் திறப்பதில்தான் மனம் கூசுகின்றது. 2005ஆம் ஆண்டுச் சட்டத்தினால் மாவட்ட நிலத்தில் ஏறத்தாழ 95 விழுக்காடு அரசின் கையினின்று நீங்கி அங்கு வாழும் அனைவர்க்கும் பொதுவான அமைப்பொன்றின் உடைமையாயிற்று. நூறாண்டு கடந்து வந்த திருத்தம்.

வராங்கர் சாலையின் தொடக்கத்தில், மோர்டென்ஸ்னெஸ் என்னும் இடத்தில், சாமி மக்களின் தொல்கல்லறைகளும் ஏறத்தாழ பதினாயிரம் ஆண்டுகளுக்கு முன்னைய குடியிருப்பின் சுவடுகளும் உள. அங்குத் தங்கியவர்களும் தோலால் ஆகிய கூடாரத்தில் உறங்கி, கடலில் உண்டு, பருவம் மாறியபோது பெயர்ந்தவர்களே. புல்லில் ஒரு மெல்லிய பள்ளம் மட்டும் தெரிகின்றது. அறிந்தவர் காட்டினாலன்றிக் குழந்தைகள் அதனைத் தாண்டி ஓடிவிடுவர்.

சாலையின் மறுமுனையாகிய ஹாம்னிங்பேர்க்கில் 1944ஆம் ஆண்டின் தீ எட்டாது தப்பிய பழைய மரவீடுகள் நிற்கின்றன. பின்வாங்கிய ஜெர்மானியப் படை பின்மார்க் முழுவதையும் எரித்துச் சென்றபோது எஞ்சியவை அவை. 1960களில் ஊரார் வேறிடம் பெயர்ந்தனர். இன்று கோடையில் மட்டும் சில வீடுகளில் புகை எழும். அதற்கப்பால் சாலை இல்லை. நம் குடும்பம் வண்டியைத் திருப்பி, வந்த வழியே மீளுதல் வேண்டும். முதல் இரவு கூடாரம் அடித்த புல்வெளி, வலப்புறமாக இருந்தது, இப்பொழுது இடப்புறமாக வரும். வண்டியின் வேகத்தைக் குறைத்தால் அதனை நன்றாகக் காணலாம்.